படகுக்கு வழிவிட்ட கட்டை

மனைவியை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவையாவது ஏமாற்றிவிடுவது என்று ஆர்வில் ஹேபர்கார்ன் சபதம் எடுத்தபோது, ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். டயர் கடைக்காரனுக்கு நல்ல யோசனைகள் எல்லாம் அப்படிப் படுத்திருக்கும்போதுதான் வரும். எழுந்து நின்றால் வீட்டு ஞாபகம் வந்துவிடும். வீட்டோடு மேக்சினும் வந்துவிடுவாள்.

விஷயம் ஒரு படகு. தெருக்கோடியில் இருக்கும் டுவேன் தன் மீன்பிடிப் படகை விற்கப் போகிறான். அலுமினியப் படகு, பின்னால் மோட்டார், இழுத்துப் போக டிரெய்லர். பக்கத்திலேயே ஈரி ஏரி. பனி உருகி மீன்கள் மேலே வரத் தொடங்கிவிட்டன. ஆர்வில்லின் ஆர்வம் எல்லை மீறிப்போய், தூக்கத்திலேயே தூண்டில் வீச ஆரம்பித்திருந்தான். மேக்சினுக்குத் தாடையில் ஓர் அடி.

குறுக்கே நின்றவை இரண்டு. ஒன்று, அடிக்கட்டை. குளிர்காலப் புயலில் முறிந்த மேப்பிள் மரத்தை வெட்டி எடுத்துப் போனவர்கள் அடியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பின்புற வேலிக் கதவைத் தாண்டியதும், சாப்பாட்டு மேஜை அகலத்துக்கு வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. படகு வராது. தள்ளுவண்டிகூட ஒருக்களித்துத்தான் வரும்.

இரண்டாவது, மேக்சின். அவளை ஒருக்களித்துக்கூடக் கடக்க முடியாது. பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை. நாள் முழுக்க வாயைத் திறக்க வைப்பதே அவள் தொழில். "படகு" என்று அவன் ஆரம்பித்தபோதெல்லாம், "பனியில ஓட்டன்னு ஆசை ஆசையா வாங்கின வண்டி இப்ப கராஜுல குளவி வளர்க்குது, அதைப் பார்த்துட்டு வந்து பேசு," என்று முடித்துவிடுவாள்.

லாரிக்கு அடியில் உதித்த யோசனை இதுதான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் வேண்டும் என்றது எதுவும் நடந்ததில்லை. வேண்டாம் என்றதெல்லாம் நடந்திருக்கிறது. சமையலறைக்கு மஞ்சள் பெயின்ட் வேண்டாம் என்றான், மஞ்சள் வந்தது. பூனை வேண்டாம் என்றான். பூனை வந்து அவன் நாற்காலியில் படுத்தது. ஆகவே கட்டை போக வேண்டுமென்றால், கட்டை போகக்கூடாது என்று சொன்னால் போதும். இடம் காலியாகட்டும். படகைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம்.

அன்று மாலையே, பர்கரைக் கடித்துக்கொண்டே போரை அறிவித்தான்.

"அந்தக் கட்டையை யாரும் தொடக்கூடாது."

மேக்சின் நிமிர்ந்து பார்த்தாள். "யாரு தொடப்போறா?"

"யாரும். அதான் சொல்றேன்."

"நான் ஒண்ணுமே சொல்லலையே ஆர்வில்."

"சொல்லுவ. ஆளைக் கூட்டிட்டு வந்து அரைச்சுத் தள்ளணும்னு சொல்லுவ. அது மட்டும் நடக்காது. எங்க அப்பா உட்கார்ந்த மரம் அது."

"உங்க அப்பா நம்ம வீட்டுக்கு வந்ததே ஒரு தடவைதான். காபி கழுநீர் மாதிரி இருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு."

"எங்க உட்கார்ந்து சொன்னாரு? அந்த மரத்தடியிலதானே? என் கட்டை சாய்ஞ்சாலும் சரி, அந்தக் கட்டை அசையாது."

"ரெண்டு கட்டையில எதை முதல்ல அப்புறப்படுத்தறதுன்னு யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் மேக்சின். கெட்சப்பை எடுத்துக்கொண்டாள்.

ஆர்வில் விடவில்லை. மறுநாள் தூறலில் போய்க் கட்டைமேல் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். சமையலறை ஜன்னலுக்குத் தெரிகிற கோணத்தில் தோளைக் குலுக்கினான். ஜன்னலில் மேக்சின் தலை தெரிந்ததும் கட்டையைத் தடவிக்கொடுத்து, "அப்பா," என்றான். தானே உருகிப்போனான்.

வாரக் கடைசிக்குள் பலித்துவிட்டது. "அடிக்கட்டை எடுக்கிற ஆளுக்குச் சொல்லியாச்சு. சனிக்கிழமை வர்றாங்க. நீ அழுதாலும் சரி, புரண்டாலும் சரி," என்றாள்.

"கல்நெஞ்சம்," என்று சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டபடி கராஜுக்குள் போனான் ஆர்வில். கதவைச் சாத்தினான். ஒரு டயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடினான். குளவிகள் கலைந்து பறந்தன.

சனிக்கிழமை ரோவீனா வந்தாள். வண்டியைவிட்டு இறங்கும்போதே வேலை பாதி முடிந்த மாதிரி நடக்கிற பெண். கேஸ் குழாயும் தண்ணீர்க் குழாயும் எங்கே போகின்றன என்று புல்லின்மேல் கம்பெனிக்காரர்கள் ஏற்கெனவே மஞ்சளும் நீலமுமாய்க் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவற்றைச் சரிபார்த்தாள். சில்லுகள் தெறித்துக் கண்ணாடி உடையாமலிருக்க ஜன்னல்கள் பக்கம் பலகைகளை நிறுத்தினாள். பிறகு டிரெய்லரிலிருந்து மெஷினை இறக்கினாள். ஆரஞ்சு நிறம். முன்னால் பல் பல்லாய் ஒரு இரும்புச் சக்கரம்.

ஆர்வில்லுக்கு உடம்பு சிலிர்த்தது. துக்கத்தில் சிலிர்த்ததாகக் காட்டிக்கொண்டான்.

சக்கரம் சுழன்றது. கட்டையின் ஓரத்தைத் தொட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று ஊசலாடிக்கொண்டே கட்டையை மென்று தின்றது. மரத்தூள் நீரூற்றாய்ப் பொங்கியது. மண் அதிர்ந்தது. தெருவே மடக்கு நாற்காலிகளோடு வந்து வேலியோரம் உட்கார்ந்துவிட்டது. யாரோ சோளப்பொரி கொண்டுவந்து வாளியோடு சுற்றுக்கு விட்டார்கள். டுவேன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். ஒரு பெரிய வேர் 'படக்' என்று அறுந்து துள்ளியபோது ஆர்வில் தன்னை மறந்து கைதட்டிவிட்டான். உடனே அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மெஷின் நின்றதும் ரோவீனா பக்கம் ஒதுங்கி, குரலைத் தாழ்த்தினான்.

"இந்த இடத்து மேல கனமா எதாவது போனா தாங்குமா?"

"இந்தத் தூளையே போட்டு மூடினா அமுங்கிடும் சார். தூளை எடுத்துட்டு மண்ணும் ஜல்லியும் போட்டு இடிச்சுவிட்டா தாங்கும். என்ன போகப்போகுது?"

"ஒண்ணுமில்ல. பொதுவா. எட்டடி அகலத்துல, ரெண்டு சக்கரம் வச்சு எதாவது."

"பொதுவா," என்றாள் பின்னால் எலுமிச்சை ஜூஸோடு வந்து நின்ற மேக்சின். "மண்ணும் ஜல்லியுமே போடுங்க ரோவீனா. தூளை என் பூச்செடிங்களுக்குப் போட்டுடுங்க. நீ இந்தா ஜூஸைக் குடி ஆர்வில். அழுது அழுது தொண்டை வறண்டிருக்கும்."

அவள் குரலில் அவ்வளவு பரிவு. ஆர்வில்லுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது, அவளை நினைத்து. ஜூஸைக் குடித்தான். ரோவீனாவும் மேக்சினும் வண்டிப் பக்கமாகப் பேசிக்கொண்டே நடந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் மேக்சின் கைப்பையை மாட்டிக்கொண்டாள். "சர்ச்சுல கேக் விற்பனை. சாயங்காலம் ஆயிடும் வர்றதுக்கு. ஃப்ரிட்ஜுல சூப் இருக்கு."

"மெதுவா வா. அவசரமே இல்ல," என்றான் ஆர்வில். வாசல்வரை போய்க் கையாட்டினான். அவள் கார் திரும்பியதும் டுவேன் வீட்டுக்கு ஓட்டம்.

"இடம் தயாரா?" என்றான் டுவேன்.

"கண்ணாடி மாதிரி இருக்கு."

"மேக்சின் என்ன சொன்னா?"

"மேக்சினா? டேய், அவளே ஆள் வச்சு எனக்கு வழி பண்ணிக் குடுத்திருக்கா. அது அவளுக்கே தெரியாது."

டுவேன் அவனை மரியாதையோடு பார்த்தான். இருவருமாகப் படகுக்கு மெழுகு போட்டுத் துடைத்தார்கள். மோட்டாரை ஒரு தடவை உறுமவிட்டுப் பார்த்தார்கள். தூண்டில்களை அடுக்கினார்கள். எல்லாம் முடியவே மதியமாகிவிட்டது. பணத்தைப் படகு இடத்தில் நின்றபிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று டுவேன் சொல்லிவிட்டான். டிரெய்லரை வண்டியில் பூட்டிக்கொண்டு ஆர்வில் கிளம்பினான். வெயில், படகின் பக்கவாட்டில் மின்னியது. ஜன்னலை இறக்கிவிட்டு, தெரு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு போனான். ராஜா ஊர்வலம் போவதுபோல் போனான்.

வீட்டுப் பக்கம் திரும்பி, வேலிக் கதவை நோக்கி வண்டியை விட்டவன் பிரேக்கில் ஏறி நின்றான்.

கதவுக்கு நேர் நடுவில் ஒரு ஓக் கன்று நின்றது. சுற்றி வட்டமாய் மரத்தூள். அதைச் சுற்றி தெருக்காரர்கள் தலை குனிந்து நின்றிருந்தார்கள். பாதிரியார் வேதத்தை விரித்து வைத்திருந்தார். மேஜையில் கேக். மேக்சின் நல்ல உடை உடுத்தியிருந்தாள்.

ஹாரன் சத்தத்துக்கு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்வில்லின் கை இன்னும் ஹாரன்மேல்தான் இருந்தது.

"வா ஆர்வில்," என்றாள் மேக்சின், அருகில் வந்து வண்டிக் கதவைத் திறந்தபடி. "நீ உடைஞ்சு போனதைப் பார்த்து எனக்கு மனசே ஆறல. உங்க அப்பா ஞாபகமா ஒரு மரம் வச்சாச்சு. பழைய இடத்துலயே வச்சா வேரு மிச்சம் இருக்கும், சரியா வராதுன்னு ரோவீனா சொன்னாங்க. அதான் கொஞ்சம் தள்ளி, கதவுகிட்ட."

"கதவுகிட்டயா," என்றான் ஆர்வில்.

"வளர்ந்தா வீட்டைவிடப் பெருசாகுமாம். நம்ம காலத்துக்கு அப்புறமும் நிக்கும்."

பாதிரியார் படகைப் பார்த்தார். "இது?"

"டுவேன் படகு," என்றாள் மேக்சின், அவன் வாயைத் திறப்பதற்குள். "ஏரிக்குக் கொண்டுபோய் விட உதவி பண்றான். அப்படித்தானே ஆர்வில்?"

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். இல்லை என்றால் அப்பா பொய்யாகிவிடுவார். ஆமாம் என்றால் படகு பொய்யாகிவிடும். பின்னால் நடந்தே வந்திருந்த டுவேன் கேக்கைப் பார்த்தான், கன்றைப் பார்த்தான், பிறகு மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டான்.

"ஆமா," என்றான் ஆர்வில்.

"அப்பாவைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுங்க," என்றார் பாதிரியார்.

ஆர்வில் இறங்கி, தொப்பியைக் கழற்றினான். கன்றைப் பார்த்தான். அதைத் தாண்டி, மண்ணும் ஜல்லியும் போட்டு இடித்துச் சமன்படுத்தின, கண்ணாடி மாதிரியான இடத்தைப் பார்த்தான். எட்டடி அகலம். தாராளமாகப் போதும். "நல்ல மனுஷன்," என்று ஆரம்பித்தான். கண்ணீர் தானாகவே கொட்டியது. பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். பாதிரியாரே மூக்கை உறிஞ்சினார்.

மேக்சின் அவன் தோளை அணைத்துக்கொண்டாள். முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு காதோரம் குனிந்து சொன்னாள்:

"படகைத் திருப்பும்போது பார்த்துத் திருப்பு. அப்பா மேல ஏத்திடாத."