முப்பத்தாறு வளைவுகள்

"ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறோம். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. உச்சிக்குப் போனா மேகம் நமக்குக் கீழே போகுமாம்!" என்று மனைவி சொன்னதும் மாஸ்டர் கையிலிருந்த பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். டிரைவிங் ஸ்கூலில் இருபத்து மூன்று வருட சர்வீஸ். எல்லாம் சமதரையில். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே மனிதருக்குத் தலை கிறுகிறுக்கும். அதைப் பற்றி வெளியே மூச்சு விட்டதில்லை. போதாக்குறைக்கு, போன மாதம் சொந்தக்காரர்கள் நடுவே, "மலை ரோடா? கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன்" என்று அளந்துவிட்டிருந்தார். இப்போது பயம் என்று சொன்னால் மானம் கப்பலேறிவிடும்.

"போகலாம்தான். நம்ம வண்டி அந்த ஏத்தத்துல இழுக்காதே" என்றார், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

"அவ்வளவுதானே? தம்பிகிட்ட கேட்டுடறேன்."

மறுநாளே மச்சினன் தன் புது வண்டியைக் கொண்டுவந்தான். அது வாசலையே அடைத்துக்கொண்டு நின்றது. "நீங்க இருக்கும்போது வண்டிக்கு என்ன மாமா கவலை?" என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான்.

மனைவி சாப்பாட்டு மேஜையில் மேப்பை விரித்து, எந்த வளைவில் டீ, எந்த வளைவில் போட்டோ என்று சந்தோஷமாகக் குறித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் எட்டிப் பார்த்தார். பூனை கலைத்துப் போட்ட நூல்கண்டு மாதிரி இருந்தது ரோடு.

"ஸ்கூல் ஓனர் லீவு தரமாட்டாரே" என்றார்.

அந்த வாய் சும்மா இருந்திருக்கலாம். அவள் ஓனருக்கே போன் போட்டுவிட்டாள்.

"என்ன மாஸ்டர், சொல்லவே இல்ல?" அவள் நீட்டிய போனில் ஓனருக்கு ஒரே குஷி. "ஞாயித்துக்கிழமை ஸ்கூலுக்கே லீவு விட்டாச்சு. இந்த பேட்ச் ஒன்பது பேரும் வேன்ல உங்க பின்னாடியே வராங்க. வளைவுல நீங்க எப்படி கியர் மாத்துறீங்கன்னு பார்த்துக் கத்துக்கட்டும். நோட்டு எடுத்துட்டு வரச் சொல்லிட்டேன்."

"நோட்டு எதுக்கு சார்?"

"குறிப்பெடுக்க வேணாமா?"

சனிக்கிழமை சாயங்காலம் மாஸ்டர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். வலது கணுக்காலில் ஒரு முழத்துக்கு பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்து நொண்டினார்.

"படியில வழுக்கிடுச்சு. அதுவும் பிரேக் மிதிக்கிற கால். எல்லார்கிட்டயும் வேணாம்னு சொல்லிடு."

மனைவி காலைத் தொடக் குனிந்தாள். தொடுவதற்கு முன்பே, "ஐயோ!" என்றார்.

"பாவம்" என்றாள் அவள். "இருந்தா என்ன, மலையை உக்காந்துக்கிட்டே பார்க்கலாமே."

ஞாயிறு காலை வாசலில் வேன் நின்றது. ஒன்பது பேர், ஒன்பது நோட்டு, கேமராவுடன் ஓனர். மாஸ்டர் நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். டிரைவர் சீட்டில் மனைவி பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய், உனக்கு ஓட்டத் தெரியாதே!"

அவள் கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினாள். "வாங்கி மூணு மாசமாச்சு. மலைக்கும் பழகிட்டேன். ஏறுங்க."

மாஸ்டருக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் உறைத்தது, தான் ஓட்ட வேண்டியதில்லை! அப்பாடா என்று பக்கத்து சீட்டில் சாய்ந்தார். மானமும் தப்பியது. அந்தத் தெம்பில் வேன் பக்கம் திரும்பி, "கால் மட்டும் நல்லா இருந்திருந்தா, இன்னிக்கு உங்களுக்கெல்லாம் காட்டியிருப்பேன்!" என்றார் உரக்க. ஒன்பது பேரும் உச்சுக் கொட்டினார்கள்.

அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கும் டீச்சர். தன் மாணவியை வழியனுப்ப வந்தவள், சாவியைத் திருகாமல் கண்ணாடியையே சரிசெய்துகொண்டிருந்த அவளைப் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி தைரியம் சொன்னாள்:

"எதுக்கு அக்கா தயங்குறீங்க? 'எங்க வீட்டுக்காரருக்கு மலைன்னா பயம், ஒரு நாளாவது நானே அவரை மேலே கூட்டிட்டுப் போகணும்'னு சொல்லித்தானே எங்கிட்ட கத்துக்க வந்தீங்க!"