டெமோ அக்காவும் இரண்டாவது வகுப்பும்

வேளச்சேரியிலிருந்து பொத்தேரி வரைக்கும் எம்பிஏ நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம் எதுவாக இருந்தாலும் சரி, டெமோ அக்கா ஏறாத மாடிப்படி கிடையாது. புதிதாக ஒரு மையத்துக்குப் போர்டு மாட்டினால், ஆணி அடிக்கிறவர் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் அக்கா கீழே நின்று, "டெமோ கிளாஸ் என்னிக்கு சார்?" என்று கேட்டிருப்பார்.

மேற்குத் தாம்பரத்தில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் அவர் என் அறைத்தோழி. நிஜப் பெயரை வார்டனே மறந்துவிட்டார். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர் வேலை. அதாவது, அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம். சனி ஞாயிறுகளில் அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்தார். எங்கே இலவச டெமோ வகுப்பு நடந்தாலும் முதல் வரிசையில் இருப்பார். எங்கேயும் சேரமாட்டார்.

டெமோ வகுப்பில் எல்லா இடத்திலும் ஒரே வித்தையைத்தான் காட்டுவார்கள்: ஐந்தில் முடிகிற எண்ணை அதே எண்ணால் சட்டென்று பெருக்குவது. அதில் அக்கா புலி. "எண்பத்தஞ்சு?" என்று கேட்டால் தோசையைப் பிட்டுக்கொண்டே, "ஏழாயிரத்து இருநூத்து இருபத்தஞ்சு" என்பார். "எண்பத்தாறு?" என்றால் முறைப்பார். "அது ரெண்டாவது கிளாஸ்ல வரும்டி."

டெமோவுக்குப் பதிவு செய்யும்போது போன் நம்பர் கேட்பார்கள் அல்லவா? அக்கா கூசாமல் வார்டன் நம்பரைக் கொடுத்துவிடுவார். வார்டனுக்கு நாள் முழுக்க அழைப்பு.

"மேடம், உங்க எம்பிஏ கனவு எப்படி இருக்கு?"

"எனக்கு அறுபது தாண்டிடுச்சுப்பா. மூட்டு வலி வேற."

"வயசு ஒரு தடையே இல்ல மேடம். எங்க சென்டர்ல லிஃப்ட் இருக்கு."

ஒரு கட்டத்தில் வார்டனே, "அந்த வேளச்சேரி சென்டர் பையன் ரொம்ப மரியாதையா பேசறான், அங்கயே சேந்துடலாமா?" என்று எங்களிடம் யோசனை கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் தலையெழுத்தைக் கொண்டுபோய் ஒப்படைத்தேன். அப்பா எனக்கு ஒரே ஒரு வாய்ப்புத் தந்திருந்தார். அந்த வருஷம் எம்பிஏ நுழைவுத் தேர்வில் தேறினால் மேற்படிப்பு. இல்லாவிட்டால் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை தயாராகவே இருந்தார். தப்பான பயிற்சி மையத்தில் சேர்ந்துவிட்டால் நேராக மணவறைதான்.

"கவலைப்படாத. நல்ல இடமா நான் பாத்துத் தரேன்" என்றார் அக்கா. ஜூன் மாதம் கிளம்பினோம்.

குரோம்பேட்டையில் ஒரு சார் போர்டைக் கையால் துடைத்தார். அக்கா எழுந்துவிட்டார். பல்லாவரத்தில் சுவர் முழுக்க முதல் மதிப்பெண் வாங்கியவர்களின் படங்கள். அதில் ஒரு பெண்ணை மேடவாக்கத்து மையத்தின் சுவரிலும் பார்த்தோம். அங்கே கண்ணாடி போட்டிருந்தாள். "இவ எங்கதான்டி படிச்சா?" என்று அக்கா சத்தமாகக் கேட்க, ஃபீஸ் கட்ட வந்திருந்த ஓர் அப்பா பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். இன்னோர் இடம் பிரியாணிக் கடைக்கு மேல் மாடி. பதினொரு மணிக்கு மேல் பாடம் நடத்துகிறவருக்கே கவனம் போய்விட்டது. ஆன்லைனில் சேரலாமே என்றேன். "பட்டனை அமுக்கி டீச்சரை நாம நிறுத்தலாம்னா அவர் என்னடி டீச்சர்?" என்று அதையும் அடித்துவிட்டார்.

ஆகஸ்ட் பிறந்தது. அப்பா போனில், "எங்கம்மா சேந்திருக்க?" என்று கேட்டார். "நாளைக்குச் சொல்றேன்ப்பா" என்றேன். போனை வைத்துவிட்டு ஓவென்று அழுதேன்.

"ஏதாவது ஒண்ணுல சேரணும்க்கா. இல்லேன்னா என் கதை முடிஞ்சுது."

அக்கா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு, "சேலையூர்ல போய்ச் சேரு" என்றார். "அந்த சார் டெமோல ஒரு கணக்கைத் தப்பாப் போட்டார். ஒரு பையன் எழுந்து சொன்னான். 'ஆமாம்பா, என் தப்பு'ன்னு சிரிச்சுகிட்டே அழிச்சுட்டுத் திரும்பப் போட்டார். அவர்தான் சொல்லித் தருவார்."

"அவ்ளோ நல்ல சார்னா நீங்க ஏன் சேரல?"

"சேந்தா ரெண்டாவது கிளாஸ் போகணுமே. டெஸ்ட் வெப்பாங்க. மார்க்கைப் போர்டுல எழுதுவாங்க." வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "எழுதாத வரைக்கும் நான் ஃபெயில் இல்லடி."

நான் சேர்ந்தேன். அக்கா சொன்னது சொன்னபடி நடந்தது. இரண்டாவது வகுப்பிலேயே டெஸ்ட். போர்டில் என் பெயர் கடைசி. விடுதிக்கு வந்து பெட்டியை எடுத்து வைத்தேன். ஊருக்குப் போய் அந்த மாப்பிள்ளையையே கட்டிக்கொள்கிறேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு அக்கா என்னைக் குளிக்கவைத்து, ஆட்டோவில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். சேலையூரில் வாட்ச்மேன் அவரைப் பார்த்ததும் வழியை மறித்தார்.

"இன்னாம்மா, இன்னிக்கு டெமோ இல்லமா. கிளாஸ்தான் கீது."

"தெரியும்ணா" என்றார் அக்கா. என் கையை விடாமல் உள்ளே நடந்தார்.

சாரிடம் பேசிப் பணம் கட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டெஸ்ட் வைத்தார்கள். கடைசி நிமிடம் வரை குனிந்து எழுதினார். சார் போர்டில் மார்க் போட்டபோது கடைசிப் பெயர் அக்காவுடையது. அதற்கு மேலே நான். அக்கா என் பக்கம் சாய்ந்து, "பாத்தியா, நீ கடைசி இல்ல" என்றார். நான் சிரித்தேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

அந்த வருஷம் நான் தேறினேன். தையில் மாப்பிள்ளைக்கு வேறு பெண்ணோடு கல்யாணம் நடந்தது. அக்கா தேறவில்லை.

அடுத்த வருஷம் அவர் மறுபடியும் எழுதினார். நான் கல்லூரியில் காய்ச்சல் என்று பொய் சொல்லி, ரயிலேறி வந்து, வண்டலூர்ப் பக்கம் தேர்வு மையத்தின் வாசலில் வெயிலில் நின்றேன். அக்கா வெளியே வந்தார்.

"எப்படிக்கா?"

"தெரியலடி. ஆனா ஃபெயிலானாலும் திரும்ப எழுதலாம் போல இருக்கு."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டேன்.