மயில்வாகனத்தின் வலது பாதம்

“ஐயோ அண்ணே! உங்க கால்ல குண்டூசி ஏறிக்கினு நிக்குது பாருங்க!”

தாமலிலிருந்து மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருந்த கங்கையம்மாள் போட்ட கூச்சலில் பட்டுக்கடையே திரும்பிப் பார்த்தது.

புடவை விரித்துக்கொண்டிருந்த மயில்வாகனமும் குனிந்து பார்த்தார். விலைச்சீட்டைக் குத்தி வைத்திருந்த ஊசி, பெருவிரலுக்குக் கீழே கொண்டை வரைக்கும் இறங்கியிருந்தது. சீட்டும் கூடவே ஒட்டிக்கொண்டு, அவருடைய வலது பாதத்தின் விலை பதினெட்டாயிரத்து ஐந்நூறு என்று அறிவித்துக்கொண்டிருந்தது.

புடவையில் தொங்கும் பிசிறை எடுப்பதுபோல அவர் ஊசியைப் பிடுங்கிப் போட்டார். முகம் சுளிக்கவில்லை.

“வலிக்கலையாண்ணே?”

எப்படி வலிக்கும்? மனிதருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப்போய் வெகுநாளாகிறது. மெத்தையை மிதிக்கிறாரா, மேகத்தை மிதிக்கிறாரா என்று அவருக்கே தெரியாது. அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்களின் எதிரில் வியாதி, மருந்து, ஆஸ்பத்திரி என்று எவனாவது வாயைத் திறந்தால், பெண் வீட்டார் சகுனம் சரியில்லையென்று எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். இந்தக் கடையில் வேலை பார்க்கிறவர்கள் தும்மலைக்கூட விழுங்கிப் பழகியவர்கள்.

அதனால் மயில்வாகனம் சமாளித்தார்.

“அம்மன் கூட இருக்கச்சே எனக்கு எதுக்குமா வலி?”

அவ்வளவுதான். கங்கையம்மாள் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தாள். எடுத்த புடவையை அந்தப் பாதத்தில் வைத்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டாருக்கும் சேர்த்து இங்கேயே எடுத்துவிடலாம் என்றாள். கல்லாவில் இருந்த முதலாளி வரதராஜன் இதையெல்லாம் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கடைக்கு ஒரு மணைப்பலகை வந்து சேர்ந்தது.

“மயிலு, நீ இனிமே இதுல உக்காந்துக்கோ. புடவைய மத்தவங்க விரிப்பாங்க. நீ காலை மட்டும் நீட்டு.”

“மொதலாளி, எனக்குச் சுகரு... அதான் கால்ல...”

“உஷ்! கல்யாணக் கும்பல் உக்காந்துக்கினு இருக்குது. அந்த வார்த்தையை இங்க எடுக்காதய்யா!”

அந்த மாதம் கும்பல் இல்லாத நேரமே கிடைக்கவில்லை. வைகாசி முகூர்த்தம் ஆயிற்றே! பெண்ணைப் பெற்றவர்கள் கார் வைத்துக்கொண்டு வந்து பாதத்தில் புடவையை வைத்து எடுத்துப் போனார்கள். வந்தவர்களெல்லாம் ஊசி குத்திய இடத்தைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டதில், புண்ணில் ஈரம் கசிய ஆரம்பித்தது.

மயில்வாகனம் அதன்மேல் ஒரு பட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டார். மாலைக்குள் அதைக் கிழித்து ஆளுக்கொரு இழை பிரசாதமாக வாங்கிப் போய்விட்டார்கள். மறுநாள் வரதராஜனே கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்து, புடவைக்கு ஒன்றாகப் பாதத்துணி வெட்டிக் கொடுத்தார்.

“யாரும் பாதத்தைத் தொடக் கூடாதுமா. எட்ட நின்னு கும்பிடுங்க” என்று மயில்வாகனம் உத்தரவு போட்டார்.

எட்ட நின்றவர்கள் சொம்பில் பால் கொண்டுவந்து ஊற்றினார்கள். பாலுக்குப் பின் மஞ்சள் தண்ணீர். காலையிலிருந்து கடை சாத்தும் வரை பாதம் ஊறியது.

“தண்ணி ஆகாதும்மா எனக்கு. வெளிச்சம்தான் ஆகும்!”

உடனே கற்பூரத் தட்டு வந்தது. பெருவிரலை ஒட்டினாற்போல வைத்தார்கள். சற்று நேரத்தில் ஏதோ பொசுங்கும் வாசனை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மயில்வாகனமும், ‘நல்ல சாம்பிராணி’ என்றுதான் நினைத்தார். பாவம், சிரிக்காதீர்கள், பொசுங்கியது தன் தோல்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் கிருஷ்ணம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. புருஷன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். பெருவிரல் வதக்கிய கத்திரிக்காய்போலக் கறுத்துக் கிடந்தது.

“இன்னாயா இது? அழுகுதுயா!”

“வலியே இல்ல கிருஷ்ணா.”

“அதான் பயமா இருக்குது! எங்க பெரியப்பாவும் வலியில்ல வலியில்லன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. மறந்துட்டியா? வலிச்சா நடந்து போலாம் ஆஸ்பத்திரிக்கு. வலிக்கலன்னா ஓடணும்யா!”

மயில்வாகனம் காலை மெல்ல அவள் மடியிலிருந்து இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

“ஊரே வந்து இந்தக் கால்ல விழுது. இது இருக்கணுமேன்னு நான் ஒருத்திதான் அழுதுக்கினு இருக்கேன்” என்று அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அன்றுதான் அவருக்கு உறைத்தது. மெய்யாகவே காலை எடுத்துவிட்டால்? மணைப்பலகையில் நீட்ட இன்னொரு கால் இருக்கிறதே என்று வரதராஜன் சொல்லக்கூடிய ஆள்தான்.

ஊருக்குள் காட்டினால் விஷயம் வெளியே வந்துவிடும். ஏனாத்தூர்ப் பக்கம் சர்க்கரைக் கால்களுக்கென்றே ஒரு டாக்டரம்மா இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஃபோனில் நேரம் வாங்கினார். மணைப்பலகையில் வெற்றுடம்போடு உட்காருகிறவர் அன்று சட்டை போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, அந்த வெயிலில் காதுவரைக்கும் குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினார்.

ஆட்டோக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

“சாமீ! நீங்களா! ஆஸ்பத்திரிக்கா போறீங்க?”

“உள்ள ஒருத்தருக்கு ரொம்ப முடியல. ஆசீர்வாதம் பண்ணக் கூப்ட்டாங்க.”

“அப்ப நான் வாசல்லயே வெயிட் பண்றேன் சாமி. காசு வேணாம்.”

போகட்டும் என்று பார்த்தால் அவர் நாலு பேருக்கு ஃபோன் வேறு போட ஆரம்பித்தார். மயில்வாகனம் உள்ளே பாய்ந்தார்.

டாக்டர் அஞ்சனா சின்ன வயசுப் பெண். புண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. படுக்கவைத்து, காலில் கோந்துபோல எதையோ தடவினாள்.

“ஜில்லுனு இருக்கும்பா.”

“எனக்கு இருக்காதும்மா” என்றார் மயில்வாகனம் சோகமாக.

தொடையிலிருந்து ஒரு கருவியை வைத்து இழுத்துக்கொண்டே வந்தாள். ‘உஷ்... உஷ்...’ என்று பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

“இன்னாமா அது?”

“உங்க ரத்தம் ஓடற சத்தம். நல்லா ஓடுதே, கேளுங்க.”

முழங்காலைத் தாண்டியதும் சத்தம் மெலிந்தது. கணுக்காலில், சரியாக மூடாத குழாய்போல ஒழுகியது. கருவி அங்கேயே நின்றது. டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் கூட்டத்துக்காகக் கண்ணை மூடிய மயில்வாகனம், ஒருவரும் பார்க்காத அந்த அறையில் நிஜமாகக் கண்ணை மூடி அம்மனைக் கூப்பிட்டார்.

“விரல் தப்புமா டாக்டர்?”

“ரத்தக்குழாய் ஒரு எடத்துல சுருங்கிருக்கு. ஆனா அடைக்கல. அடியில சீழ் கட்டிருக்கு, அதை இப்பவே எடுத்துடறேன். எலும்புக்கு எக்ஸ்ரே பாக்கணும். குழாய்க்குப் பெரிய டாக்டர்கிட்ட அனுப்பறேன். தப்பும்னுதான் நெனைக்கிறேன்பா. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா, விரலைப் பத்தி இல்ல, காலைப் பத்திப் பேசிக்கினு இருப்போம்.”

அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

“வெறுங்கால் கூடாது. வீட்டுக்குள்ளயும் செருப்பு. புண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது.”

“யாராச்சும் பால் ஊத்துனா?”

“கால்ல யாருபா பால் ஊத்துவாங்க?”

அவர் குரங்குக் குல்லாவை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

நர்ஸ் எஸ்தர் கட்டுப் போட வந்தாள். டாக்டர் அடுத்த அறைக்குப் போகும் வரை காத்திருந்து, மயில்வாகனம் கையெடுத்துக் கும்பிட்டார்.

“இது வெளிய தெரியக் கூடாதும்மா. என்னை நம்பி எத்தனை பேரு கல்யாணம் வெச்சிருக்காங்க தெரியுமா? இந்த ஊர்ல வலியே தெரியாத கால் என்னுது ஒண்ணுதாம்மா.”

எஸ்தர் தலை நிமிராமல் கட்டின் கடைசி முடிச்சைப் போட்டாள்.

“அப்டியே பின்பக்கமா போயிடுங்க சாமி. முன்னாடி தீ மிதிக்கிற சாமி உக்காந்துக்கினு இருக்காரு, அவருக்கப்புறம் ஆணிச் செருப்பு சாமி வராரு. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கக் கூடாதுன்னுதான் உங்களுக்கெல்லாம் தள்ளித் தள்ளி டைம் குடுக்கறோம்.”