பத்தாவது அர்த்தம்

ஒன்பது வந்துவிட்டது, பத்தாவதுதான் வரவில்லை. ஆசீர்வாதம் சார் பாதி சவரத்தோடு கண்ணாடி முன் நின்று மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

ஆங்கிலத்தில் ‘டேக் ஆஃப்’ என்றால் பத்து அர்த்தம். மிஷன் பள்ளியில் முப்பது வருடம் அதை நடித்தே காட்டிய மனிதர் அவர். கையை விரித்து விமானமாகப் பறப்பார், ஒற்றைச் செருப்பைக் கழற்றுவார், தலைமையாசிரியரைப் போல இருமிக் காட்டுவார், சட்டென்று வகுப்பை விட்டே கிளம்பிப் போய்த் திரும்பி வருவார். அந்த இருமலுக்கு எழுந்த சிரிப்பு இன்னும் அவர் காதில் இருக்கிறது. என்ன காலம் அது! நாளைக்குக் காளவாசல் மண்டபத்தில் பழைய மாணவர்கள் கூடுகிறார்கள். அதே பாடத்தை மறுபடி நடத்த வேண்டுமாம்.

“விடுங்க, வயசாச்சுல்ல,” என்றார் மனைவி தங்கம்.

“மெதுவாப் பேசு! ஆன்மேரி காதுல விழுந்துச்சு, பெங்களூருக்கு மூட்டை கட்டிருவா.”

பால் பாக்கெட்டை அவர் பீரோவுக்குள் வைத்த அன்றே மகள் ஆன்மேரி சொல்லிவிட்டாள்: “இன்னொரு தடவ எதையாச்சும் மறந்தீங்க, மதுரை வேணாம்ப்பா. என்கூட வந்துரணும்.”

மதுரையை விட்டுப் போவதா? அகராதியைப் புரட்டினார். அதில் பதினாறு இருந்தது. அவற்றில் தன்னுடைய பத்தாவது எதுவென்று தெரியாமல் தலை சுற்றியதுதான் மிச்சம்.

நைசாக மாணவன் ஜெய்சனுக்குப் போன் போட்டார்.

“ஏப்பா, பாடம் ஞாபகம் இருக்கா? பத்தாவது அர்த்தம் சொல்லு, பாப்போம்.”

“நோட்டே இருக்கு சார்! இருங்க... ஒம்பதுதான் இருக்கு. அன்னைக்கு நான் லீவு போட்ருப்பேன் போல. குரூப்புல கேக்குறேன்.”

“கேக்காத!”

கேட்டுவிட்டான். நாற்பது பேர் பரணில் ஏறி நோட்டைத் தேடினார்கள். எல்லாரிடமும் ஒன்பதுதான்.

“அம்புட்டுப் பேருமா சார் லீவு போட்டோம்?” என்றான் ஜெய்சன். மாலைக்குள் மண்டப வாசலில் ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது: ‘பத்தாவது அர்த்தம் - நம் சார் வாயால்!’

மறுநாள் சார் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். டாக்டராகிவிட்ட மாணவன் ராம்கி காரோடு வந்து, காய்ச்சல் இல்லை என்று கண்டுபிடித்து, ஆன்மேரியையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

மேடையில் சார் பறந்தார், கழற்றினார், இருமினார். நரைத்த தலைகள் எல்லாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளாகச் சிரித்தன. அவருக்குமே முப்பது வயது குறைந்துதான் போனது. ஒன்பது முடிந்தது.

நாற்பது பேனாக்கள் காத்திருந்தன. முன்வரிசையில் ஆன்மேரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மறந்துருச்சுப்பா,” என்றார். ஆன்மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசி வரிசையில் பள்ளியின் பழைய பியூன் அழகுபாண்டி எழுந்தார்.

“சாருக்கு மறதியெல்லாம் ஒண்ணும் இல்ல பாப்பா! ஒம்பது முடிஞ்சதும் வருசா வருசம் இதே முழிதான் முழிப்பாரு. பாக்கச் சகிக்காம நான்தான் மணிய முன்னாடியே அடிச்சு விட்ருவேன்!”