கருப்புத் திரைக்குக் கற்பூரம்

திருத்தங்கலில் அந்த மாதம் டாக்டரைவிடக் கிராக்கியாக இருந்தவர் கணினிச் சித்தர் ஊர்க்காவலன். அவரிடம் தேதி வாங்க அச்சக முதலாளிகள் வரிசையில் நின்றார்கள்.

காலண்டர் சீசன். பழைய காலண்டர் மென்பொருள் புது விண்டோஸில் ஓடாது. அதனால் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு பொய்க் கம்ப்யூட்டரை வைத்து ஓட்டுவார்கள். வர்ச்சுவல் மெஷின் என்று பெயர். அது அச்சகம் அச்சகமாக எழுந்திருக்க மறுத்தது. கருப்புத் திரை, 'டிஸ்க் இல்லை' என்று ஒரு வரி.

உடம்பே இல்லாத மெஷினுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றார் சித்தர். யாரும் சிரிக்கவில்லை.

சீனிவாசகத்தின் அச்சகத்துக்கு வந்த சித்தர், ஆபரேட்டர் ஜெனிட்டாவை மேலும் கீழும் பார்த்தார். "தோசம் இந்தப் பிள்ள கையில இருக்கு. பூச முடிஞ்சதும் வேலைய விட்டு நிப்பாட்டிருங்க."

எட்டு வருடமாகச் சீனிவாசகத்தின் காலண்டரை வடிவமைத்தவள் அவள். தலையாட்ட முதலாளிக்கு எட்டு நொடி ஆகவில்லை.

மானிட்டரை மஞ்சள் துணியால் மூடினார் சித்தர். காகிதக் கட்டுகளுக்கு நடுவே கற்பூரம் கொளுத்தினார். பட்டாசு செய்யும் ஊரில் அதை ஏனென்று கேட்க ஆளில்லை. அவர் சொன்னபடி அச்சக ஆட்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடினார்கள். சீக்கு வந்த அச்சகங்களுக்கெல்லாம் போன மாதம் ஆன்டிவைரஸ் போட்டவன் சித்தரின் அக்கா மகன் சங்கிலிமுத்து என்பதை ஜெனிட்டா கவனித்திருந்தாள். சத்தமில்லாமல் நெட் கேபிளைப் பிடுங்கினாள்.

பத்து நிமிட மந்திரம். துணியை எடுத்தால் அதே கருப்பு. மறுபடி மந்திரம். மறுபடி கருப்பு. சித்தருக்கு வேர்த்தது.

"நெட்டு கட்டாயிருச்சா?"

"மந்திரம் சொல்றீகளா, சினிமா பாக்குறீகளா?" என்றாள் ஜெனிட்டா. "பேயோட்ட நெட்டு எதுக்கு சாமி?"

கேபிளைச் செருகினாள். துணியைத் தன் கையில் வைத்துக்கொண்டாள். "அண்ணாச்சி, திரும்புங்க. இப்பக் கண்ணைத் தொறந்து பாருங்க."

யாரும் மவுஸைத் தொடவில்லை. திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. ஒருவர் கும்பிட்டே விட்டார். அம்பு செட்டிங்கைத் திறந்தது, கழற்றி வைத்திருந்த டிஸ்க்கைத் திரும்ப மாட்டியது. மெஷின் எழுந்தது. ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி: 'இணைந்திருப்பவர்: சங்கிலிமுத்து லேப்டாப்.'

"ஒங்க மருமகன் ஆன்டிவைரஸோட கள்ள வழியும் சேத்து வச்சுட்டான். வீட்டுல இருந்தே கழத்துறான், வீட்டுல இருந்தே மாட்டுறான்," என்றாள். "நீங்க சும்மா கற்பூரம் கொளுத்துறீக."

சித்தர் செருப்பைத் தேடினார்.

சீனிவாசகம் தலையைச் சொறிந்தார். "அப்ப ஒங்கிட்ட தோசம் ஒண்ணும் இல்லையா தாயி?"

"இருக்கு அண்ணாச்சி. யோசிக்கிற தோசம். ஒங்களுக்கும் ஒட்டிக்கிட்டா நல்லது."