அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது, அக்கா

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் தம்பியும் இந்தத் தொகுதியின் எதிர்க்கட்சி உறுப்பினருமானவன் வணக்கத்துடன் எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்றும் அத்தானின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. எழுத்து கோணலாக இருந்தால் கண்ணாடியைத் துடைக்காதே. என் கைதான் நடுங்குகிறது.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆற்றின்மேல் நிற்கிறதே பழைய பாலம், எல்லாம் அதனால் வந்த வினை. நான் சட்டசபைக்குப் போன நாளிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தப் பாலத்தைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை என்பது உனக்கே தெரியும். சபையில் எனக்குப் பாலத்தார் என்றே பெயர். பழைய பொதுப்பணி அமைச்சர் நல்ல மனுஷர். தாழ்வாரத்தில் என்னைப் பார்த்ததும் இன்றைக்குப் பாலம் உண்டா என்று கேட்பார். உண்டு என்பேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவார். நான் எழுந்து, மக்கள் உயிர் ஊசலாடுகிறது, பாலம் இன்றோ நாளையோ விழப்போகிறது, உடனே மூடிவிட்டுப் புதிதாகக் கட்டு என்று மேசையைத் தட்டுவேன். அவர் எழுந்து, பாலம் உறுதியாகத்தான் இருக்கிறது, உறுப்பினர்தான் ஆடுகிறார் என்பார். ஆளுங்கட்சி வரிசை சிரிக்கும். நான் கையிலிருக்கும் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு வெளிநடப்பு செய்வேன். என் பின்னால் கட்சிக்காரர்கள் வருவார்கள். நேரே சிற்றுண்டிச்சாலைக்குப் போவோம். கொஞ்ச நேரத்தில் அமைச்சரும் அங்கே வந்து, தொண்டை வலிக்கிறதா என்று விசாரித்து, எனக்கும் சேர்த்துத் தேநீர் சொல்வார். ஜனநாயகம் இப்படி ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

போன மாதம் அவரை மாற்றிவிட்டு ஓர் அம்மாவை அமைச்சராகப் போட்டார்கள். அந்த அம்மாவுக்கு நம் வழக்கம் எதுவும் தெரியாது. யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? நான் வழக்கம்போல மேசையைத் தட்டிப் பேசி முடித்துவிட்டு, தாளைக் கிழிக்கத் தோதாக இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா எழுந்து, உறுப்பினர் இத்தனை வருடம் சொல்வதில் விஷயம் இல்லாமல் இருக்காது, அந்தப் பாலத்தை அவரைவிட அறிந்தவர் இந்தச் சபையில் யாரும் இல்லை, மூடலாமா வேண்டாமா என்று அவரே நேரில் பார்த்து வருகிற திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், அவர் சொல்வதை அரசு அப்படியே ஏற்கும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குக் காது அடைத்துப் போயிற்று. கை மட்டும் பழக்கதோஷத்தில் தாளைக் கிழித்துவிட்டது. தாள் கிழிந்த சத்தம் கேட்டதும் கட்சிக்காரர்கள் எல்லோரும் எழுந்து வெளியே நடந்துவிட்டார்கள். எங்கள் கோரிக்கையை ஏற்றுக்கொண்டதைக் கண்டித்து நாங்களே வெளிநடப்பு செய்தோம், அக்கா. வாசலில் பத்திரிகைக்காரர்கள் ஏன் என்று கேட்டதற்கு எங்கள் தலைவர், ஏற்றுக்கொண்ட விதம் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தார். அன்றைக்குத் தேநீருக்கு நான்தான் சொன்னேன்.

மறுநாள் பொறியாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அதன் அடியில் இறங்கிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவர் ஒரு சுத்தியலால் தூணைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், மறுபடி தட்டினார். ஒரு விரிசலுக்குள் என் சுண்டுவிரலே போயிற்று. போன விரலை வெளியே எடுக்கப் பயமாக இருந்தது, ஒருவேளை விரல்தான் தாங்கிக்கொண்டிருக்கிறதோ என்று. விழுமா என்று கேட்டேன். அவர் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டே, "விழும்னும் சொல்ல முடியாது, விழாதுன்னும் சொல்ல முடியாது. நீங்க எது சொல்றீங்களோ அதுக்குத் தகுந்த மாதிரி நான் எழுதித் தர்றேன்" என்றார். அந்த நேரம் பார்த்து மேலே பேருந்து ஒன்று போனது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஆடியது தூணா, என் முழங்காலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மேலே ஏறி வந்தால் கூட்டம் கூடிவிட்டது. பாலத்து முனையில் தேநீர்க்கடை வைத்திருப்பவர், ஒவ்வொரு தேர்தலிலும் எனக்கு ஓட்டுக் கேட்டு அலைகிறவர், என்னைத் தனியே ஒதுக்கி, "சபையில பேசுறதெல்லாம் சரிங்க. அதை இங்க வந்து செஞ்சிடாதீங்க. பாலத்தை மூடினா யார் இந்தப் பக்கம் வருவா? எங்க பொழப்பு போயிடும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என் பேச்சுக்கு இத்தனை வருடம் முதல் ஆளாகக் கைதட்டியவர் அவர். வீட்டுக்கு வந்தால் தலைவரிடமிருந்து தொலைபேசி. மூடினால் தொகுதி போய்விடும், அதுகூடப் பரவாயில்லை, அடுத்த கூட்டத்தில் எதைக் கேட்பாய் என்றார். மூடாமல் விட்டால் இத்தனை காலம் நான் சொன்னதெல்லாம் பொய் என்று ஆளுங்கட்சி சுவரொட்டி ஒட்டும். மூடாமல் விட்டு விழுந்தும் தொலைத்தால், அதை என்னால் நினைக்கவே முடியவில்லை.

நினைக்காமல் இருக்கவும் என் மனைவி விடவில்லை. எங்கள் மகள் அக்கரை மருத்துவமனைக்கு வேலைக்குப் போவது அந்தப் பாலத்தின்மேல்தானே? சாப்பாட்டைத் தட்டில் வைத்தபடியே, "உங்களுக்குத் தெரியாதுன்னா விடுங்க. நாளைக்கு அவகூட நீங்களும் பஸ்ல போயிட்டு வாங்க, தெரிஞ்சிடும்" என்றாள். போனேன். என் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து தலைபின்னிக்கொண்டு வந்தாள். பாலம் தொடங்கியதும் நான் முன்னிருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நடத்துநர் என்னைப் பார்த்து, "என்ன ஐயா, இன்னைக்கு விழுமா?" என்று கேட்டார். பேருந்தே சிரித்தது. மகளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இத்தனை வருடமாகக் கத்தியும் இவர்கள் யாருக்கும் பயம் வரவில்லையே, என் பேச்சை ஒருவர்கூட நம்பவில்லையே என்று ஒரு பக்கம் அழுகை வந்தது. நானே நம்பிவிட்டேனே என்று இன்னொரு பக்கம்.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நாளை மறுநாள் காலைப் பேருந்தில் உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். திங்கட்கிழமை தாண்டும்வரை பின்னறையில் படுத்துக்கொள்கிறேன். யார் கேட்டாலும் தம்பிக்குக் கடும் காய்ச்சல், பேச்சு மூச்சில்லை என்று சொல்லிவிடு. கெடு முடிந்ததும் அந்த அம்மா வேறு யாரையாவது பார்த்துக்கொள்வார். நானும் அடுத்த கூட்டத்தில், அரசு ஏமாற்றிவிட்டது என்று பேசுவேன். சிறு வயதில் கணக்கு வாத்தியாரிடமிருந்து என்னை ஒளித்துவைத்தவள் நீ. இந்த ஒரு முறையும் காப்பாற்று. பின்னறை ஜன்னலுக்குத் திரை இருக்கிறதா என்று பார்த்துவை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் ஆசியை எனக்கு மிச்சம் வைக்காமல் முழுவதும் அனுப்பு.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள, பயந்த தம்பி

பின்குறிப்பு: வரவில்லை. கடிதத்தையும் தபாலில் போட மறந்து பையிலேயே வைத்திருந்துவிட்டேன். சொன்ன நாள் காலையில் பெட்டியோடு நிறுத்தத்தில் நின்றேன். பேருந்து வந்தது. பக்கத்தில் நின்ற மகள் ஏறிவிட்டாள். எனக்குப் படியில் கால் வைக்க வரவில்லை. வண்டி கிளம்பப் போனபோது, என்னை அறியாமல் அதன் முன்னால் போய் நின்றுகொண்டு இரண்டு கையையும் விரித்துவிட்டேன். ஓட்டுநர் திட்டினார், நடத்துநர் திட்டினார், என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டு, அந்தப் பேருந்தின் முகப்பிலேயே தாளை வைத்து, மூடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாலத்தை மூடிவிட்டார்கள். தேநீர்க்கடைக்காரர் என்னோடு பேசுவதில்லை. அடுத்த கூட்டத்தில் என்னைக் கண்டித்து என் கட்சியே வெளிநடப்பு செய்யப்போகிறதாம். இப்போது தினமும் ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது விழுந்துவிடுமோ என்று பயம். விழாமலே நின்றுவிடுமோ என்று அதைவிடப் பயம். மகள் சுற்றுவழியில் வேலைக்குப் போகிறாள், தாமதமாக வந்து என்னைத் திட்டுகிறாள். திட்டுகிற சத்தம் வாசலில் கேட்கும்வரைதான் எனக்கு மூச்சு முட்டும். பின்னறைக்குத் திரை போட்டிருந்தால் கழற்றிவிடு. இந்தக் கடிதமும் சுற்றுவழியில்தான் வரும், அதனால் தாமதத்துக்குத் தபால்காரரைத் திட்டாதே, என்னைத் திட்டு.