வீங்கிய காலோடு பெண் பார்க்கப் போனேன்

உடம்புக்கு வந்ததை ஒளித்துவைப்பதில் எங்கள் குடும்பத்து ஆண்கள் மகா கெட்டிக்காரர்கள். நான் அதிலும் ஒரு படி மேல். ஒளித்துவைத்ததைப் பெண் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தவன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. வடகரப்பதியில் தென்னந்தோப்பும் கொஞ்சம் தக்காளியும். டிராக்டர் ஓட்டி ஓட்டி இடுப்புவலி. மெடிக்கல் ஷாப்பில் நானே கேட்டு வாங்கிய வலி மாத்திரையை வேளைக்கு ஒன்றாக ஒன்றரை மாதம் விழுங்கினேன். (டாக்டரிடம் போனால் டிராக்டரை நிறுத்தச் சொல்வார். தக்காளியை அவரா வந்து பார்ப்பார்?) இடுப்பு சரியாயிற்று. கால் வீங்க ஆரம்பித்தது. காலையில் கண்ணாடி பார்த்தால் முகமும் கொஞ்சம் உப்பலாகத் தெரிந்தது. கல்யாண வயதில் உடம்பு பூசுகிறது என்று சந்தோஷப்பட்டேன். அவ்வளவு அறிவாளி.

அந்த நேரம் பார்த்து எருத்தேன்பதியில் ஒரு பெண் அமைந்தது. திருச்சூரில் நர்ஸ் வேலை. அம்மா, தாய்மாமன், நான் மூவரும் ஜீப்பில் போனோம். வீக்கம் தெரியக்கூடாதென்று பேண்ட், சாக்ஸ், புது ஷூ. காலை உள்ளே திணிக்கவே கால் மணி நேரம் பிடித்தது.

பெண் வீட்டு வாசலில் ஷூ கழன்று வரமாட்டேன் என்றது.

"செவுத்தப் புடிச்சுக்கடா" என்று மாமா ஒரு காலைத் தூக்கி இழுத்தார். அது கழன்றதும் பெண்ணின் அப்பா ஓடிவந்து இன்னொரு காலைப் பிடித்தார். (கல்யாணத்தன்று பிடிக்க வேண்டிய காலை மனிதர் அன்றே பிடித்துவிட்டார்.)

"ஷூ புதுசுங்க, அதான்" என்று இளித்துவைத்தேன்.

காபி கொண்டுவந்த பெண் என் முகத்தையே பார்க்கவில்லை. வெட்கம் என்று நினைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தது, சாக்ஸ் ரப்பர் என் காலில் வெட்டியிருந்த பள்ளத்தை. தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, அந்தக் காலக் கொஞ்சம் காட்டுங்க."

நான் சுதாரிப்பதற்குள் முட்டி போட்டு உட்கார்ந்து சாக்ஸை இறக்கி, கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். விரலை எடுத்தாள். குழி மட்டும் அங்கேயே நின்றது, பிசைந்த மைதா மாவில் அமுக்கியது போல. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"நீரு கோத்திருக்குதுங்க. எத்தன நாளா?"

"இப்ப வர்ற வழியிலதானுங்க. ஜீப்புல காலத் தொங்கப்போட்டு..."

"பொய் சொல்றான் கண்ணு. செருப்புப் பத்தலன்னு பத்து நாளா சொல்லீட்டிருக்கறான்" என்றார் அம்மா. பெற்ற தாய்!

"மாத்திரை ஏதாச்சும் சாப்புடறீங்களா?"

சொன்னேன்.

"ஒண்ணுக்குப் போனா நொரை வருதுங்களா?"

நான் பெண் பார்க்கப் போனவன் ஐயா. படிப்பென்ன, சமையல் வருமா என்று கேள்வி கேட்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். சுற்றி இருபது பேர். அவர்களில் பாதிப்பேர் கடித்த பஜ்ஜியைக் கையில் பிடித்தபடி என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"வருதுங்க" என்றேன், தரையைப் பார்த்து.

"அப்ப ஊட்டுக்குப் போயராதீங்க. கொழிஞ்சாம்பாறையில யூரின் குடுத்துப்போட்டுப் போங்க. அந்த லேபுல என்ற சித்தப்பா பையன்தான் இருக்கறான். நாஞ் சொல்லிப்போடறேன்."

பெண் பார்க்கும் சடங்கு அத்துடன் முடிந்தது.

லேபில் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நான் மூடி போட்ட சின்ன டப்பாவோடு எல்லார் முன்னாலும் கழிப்பறைக்குப் போய் வந்தேன். முடிவுக்காகக் காத்திருக்கையில் மாமாவின் போன் அடித்தது. பெண்ணின் அப்பா.

"புரோட்டீன் நெறையப் போகுதுங்களாமா. இன்னைக்கே பாலக்காட்டுல டாக்டரப் பாக்கோணுங்களாமா."

யாருடைய மூத்திரம் அது? என்னுடையது! காகிதம் இன்னும் என் கைக்கே வரவில்லை, எருத்தேன்பதியில் ஒரு வீடே அதைப் பற்றிப் பேசி முடித்திருக்கிறது. சித்தப்பா பையனை முறைத்தேன். அவன் பணிவாகச் சிரித்தான்.

பாலக்காட்டு டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மாத்திரை கிட்னியைக் கெடுத்திருக்கிறது, இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் திரும்பப் பிடிப்பது கஷ்டம் என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அப்போதுதான் முதன்முதலாகப் பயம் வந்தது.

"ஆரு கண்டுபிடிச்சது?" என்று டாக்டர் கேட்டார்.

"பாக்கப் போன பொண்ணுங்க."

அப்போது சிரித்தார்.

மாத்திரையை நிறுத்தி, உப்பைக் குறைத்து, இரண்டு மாதத்தில் கால் பழைய காலாயிற்று. பெண்ணின் அப்பாவிடமிருந்து பதிலும் வந்தது.

"வீக்கமெல்லாம் ஒரு கொறையில்லீங்க, வத்தீரும். ஆனா பத்து நாளா கால் வீங்குனத மறைச்சவரு நாளைக்கு என்னென்ன மறைப்பாரோன்னு எங்க அம்மிணி யோசிக்குதுங்க."

கிட்னியைக் காப்பாற்றினாள், சரி. அதற்காக என் குணத்துக்கும் சேர்த்து ரிப்போர்ட் எழுத வேண்டுமா? ஒரு மாதம் பொருமினேன். (அவள் சொன்னதில் என்ன தப்பு என்றுதான் ஒரு நாளும் கண்டுபிடிக்க முடியவில்லை.)

பிறகு வேறு இடத்தில் கல்யாணமாயிற்று. மாமா ஒரே விருந்தில் என் மனைவிக்கு முழுக்கதையையும் சொல்லிவிட்டார். இப்போது எங்கள் சொந்தத்தில் எவன் பெண் பார்க்கக் கிளம்பினாலும் மாமா வண்டியருகே வந்து நின்று, "பூ எடுத்தாச்சா, பழம் எடுத்தாச்சா, பாட்டில் எடுத்தாச்சா?" என்று கேட்பார். வண்டியே குலுங்கும். அன்றைக்கு அந்த இடத்திலேயே இல்லாத என் மனைவிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள்.

போன மாதம் பொறுக்க முடியாமல் கத்தியேவிட்டேன்: "பாட்டில் இல்ல, லேபுல குடுத்த டப்பா!"

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "செரீங்க, டப்பான்னே வெச்சுக்கலாம்" என்றாள். "ரொப்பிக் குடுத்தது நீங்கதானே?"